சமவெளியில் பணி, மலைமேல் ஓய்வு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கம்பம் நகருக்குக் கிழக்கே, மேகமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள காமயகவுண்டன்பட்டி என்னும் பேரூர், வட்டார வழக்கில் கே.கே.பட்டி என்றே வழங்குகிறது. இவ்வூரிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்கள் பல. தெற்கே சுருளிப்பட்டியைத் தாண்டினால், மேகமலைக் காட்டு நீர் இரண்டு கட்டங்களாக விழும் சுருளி அருவியும் அதைச் சார்ந்த குகைகளும் வேலப்பர் கோயிலும் உள்ளன. மேற்கே கம்பமெட்டு மலைப்பாதை ஏலத்தோட்டங்களுக்குச் செல்கிறது. தென்மேற்கே கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளியையும் தேக்கடியையும் அடையலாம். வடக்கே குச்சனூரின் சனீஸ்வரர் கோயிலும், சின்னமனூரிலிருந்து மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் சாலையும் இருக்கின்றன. சனி, ஞாயிறு விடுமுறையில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இவை யாவும் பழகிய பெயர்கள். ஆயினும், கடல் கடந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் தம் பணிக்களமாகக் கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் தம் ஓய்வுநாள்களை இவ்விடங்களில் கழிக்கவில்லை. வடக்கே பழனிமலையின் உச்சியில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள கோடைக்கானலை அவர்கள் தேர்ந்தார்கள். அத்தேர்வின் காரணத்தையும் அதன் விளைவையும் கே.கே.பட்டியிலிருந்து பெரியகுளம் வழியாக மலையேறும் பாதையிலேயே தடம்பற்றிக் காணலாம்.

இப்பயணத்தின் தொடக்கத்தில் கண்ணில் படுபவை திராட்சைத் தோட்டங்கள். கல்தூண்களை நட்டு, அவற்றின் தலைகளை இணைத்துக் கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே விரித்த பந்தலில் கொடி படர்ந்திருக்க, உள்ளே நுழைபவர் உச்சி வெயிலிலும் பச்சை நிழலில் நடக்கிறார். கறுப்பும் ஊதாவும் கலந்த குலைகள் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்து தொங்குகின்றன. அறுவடைக்கு வரும் பெண்கள் குலையைக் கத்தரித்து இடது கையில் ஏந்தி, வெடித்த பழங்களையும் அழுகிய பழங்களையும் ஒவ்வொன்றாக நறுக்கி நீக்கிய பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள். பழத்தின் மேல் வெண்சாம்பல் போலப் படிந்திருக்கும் மெல்லிய பூச்சு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகக் காம்பை மட்டுமே பிடிக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கொடியை வெட்டிச் சீர்செய்யும் வேலைக்குக் கவாத்து என்று பெயர். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. ரோஜா மணம் உடையதால் பன்னீர் திராட்சை எனப் பெயர்பெற்ற இந்த ரகத்துக்கு, ஒரு பொருள் குறிப்பிட்ட நிலப்பகுதிக்கே உரியது எனச் சட்டப்படி சான்றளிக்கும் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. இதை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அக்குறியீட்டையொட்டிக் கூறப்படும் வரலாறு. வெளிநாட்டிலிருந்து வந்த சமயப் பணியாளர்கள் விட்டுச்சென்றவற்றுள் கோயிலும் பள்ளியும் மட்டுமே எண்ணப்படுகின்றன. இப்பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடும் கொடி ஒன்றும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.

கத்தோலிக்கர் செறிந்து வாழும் இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் இவ்வூருக்கு அண்மையிலேயே இருக்கின்றன. சீர்திருத்தச் சபையினரின் பணி இங்கு வந்த வழி வேறு. அமெரிக்காவின் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்னும் சங்கம் முதலில் யாழ்ப்பாணத்தில் காலூன்றி, அங்கிருந்தே 1834-இல் மதுரைக்கு ஆள் அனுப்பியது. அவ்வாறு உருவான அமெரிக்கன் மதுரை மிஷன் திண்டுக்கல், திருமங்கலம், பெரியகுளம், பழனி எனப் பல ஊர்களில் நிலையங்களை அமைத்தது. நிலையம் என்பது ஒரு மிஷனரியின் பங்களா, சிற்றாலயம், பள்ளி ஆகியவை சேர்ந்த வளாகத்தையும், அதைச் சுற்றி அவர் பொறுப்பில் இருந்த ஊர்களையும் ஒருங்கே குறிக்கும். கம்பம் பள்ளத்தாக்கு பெரியகுளம் நிலையத்தின் பொறுப்பில் வந்தது. ஒவ்வோர் ஊரிலும் சபையைக் கவனித்து, எழுத்தறிவித்து, நோயாளிகளைச் சந்தித்து வந்தவர் உபதேசியார் எனப்பட்ட தமிழ்ப் பணியாளர். மிஷனரியோ மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகத் தங்கி, சந்தைகளிலும் சாவடிகளிலும் பேசிச் செல்பவர்.

இத்தகைய பணியில் வாரக்கடைசி என்ற ஒன்றே இருக்கவில்லை என்பது முதன்மையாகக் கருதத்தக்கது. வார இறுதி ஓய்வு என்னும் கருத்தே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பெற்றதை ஒட்டித்தான் மெல்லப் பரவியது. ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு என்றால், சமயப் பணியாளருக்கு அதுவே வாரத்தின் மிகக் கடுமையான வேலைநாள். சனிக்கிழமை அதற்கான ஆயத்தநாள். மேலும், மதுரைக்கு வந்த மிஷனரிகள் நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் மரபில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் உல்லாசப் பயணம் செய்வது அம்மரபில் குற்றமாகவே கருதப்பட்டது. எனவே அவர்கள் வாரந்தோறும் எடுக்க முடியாத ஓய்வைச் சேர்த்துவைத்து, கோடையில் சில வாரங்களாக ஒருங்கே எடுத்தார்கள் என்று கொள்வதே பொருந்தும்.

அந்த ஓய்வும் முதலில் மருந்தாகவே தொடங்கியது. மதுரையில் மிஷன் தொடங்கிய முதல் பத்தாண்டுக்குள்ளாகவே வாந்திபேதியும் காய்ச்சலும் மிஷனரிகளிலும் அவர்கள் குடும்பத்தாரிலும் பலரைக் கொண்டுசென்றன. வாந்திபேதி தண்ணீரால் பரவும் கிருமிநோய் என்பதோ, மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதோ அன்று தெரியாது. கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் மெய்ப்பித்தது 1897-இல்தான். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலத்தில், நல்ல காற்றைத் தேடி மேலே ஏறுவதே மருத்துவமாகத் தோன்றியது. அவர்கள் முதலில் நாடியது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையை. அதன் உயரம் போதாமையால் அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1821-இல் நில அளவை அதிகாரி வார்டு வெள்ளகவி வழியாகப் பழனிமலையின் மேல்தளத்தை எட்டி அளந்திருந்தார். 1834-இல் மதுரையின் ஆங்கிலேய அதிகாரிகள் அங்கு ஒரு பங்களாவும் கட்டியிருந்தனர். அவற்றைக் கேள்வியுற்ற மிஷனரிகள் 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகளை எழுப்பினார்கள். கோடைக்கானல் என்னும் நகரத்தின் குடியிருப்பு வரலாறு அந்த இரண்டு வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவின் மலைவாசத்தலங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலேயப் படையினராலும் ஆட்சியாளராலும் உருவாக்கப்பட்டவை. அமெரிக்கச் சமயப் பணியாளரால் உருவானது என்னும் தனித்தன்மை கோடைக்கானலுக்கு உரியது.

கே.கே.பட்டியிலிருந்து கம்பம், சின்னமனூர், தேனி வழியாகப் பெரியகுளத்தை இன்று இரண்டு மணி நேரத்துக்குள் அடையலாம். அன்று மாட்டுவண்டிக்கு அது நாள்கணக்கான வழி. பெரியகுளத்தை அடுத்து மலையடியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு என்னும் இடம் இருந்தது. மிஷனரிகள் அதைத் தோப்பு என்றே குறித்தார்கள். 1875-இல் தென்னிந்திய இருப்புப்பாதை மதுரையை எட்டியபின், அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குபவர்கள் இரவு முழுவதும் மாட்டுவண்டியில் 33 மைல் பயணம் செய்து விடியலில் தோப்பை அடைந்தார்கள். கோடை ரோடு என்று இன்று வழங்குவது அந்த நிலையமே. தோப்பிலிருந்து குதிரைப்பாதை தொடங்கியது. மட்டக்குதிரையில் ஏறியவர்கள் உண்டு, நடந்தவர்கள் உண்டு. பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில் சென்றார்கள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு இடையே நாற்காலியைக் கட்டி ஆட்கள் தோளில் சுமக்கும் ஊர்திக்கே டோலி என்று பெயர். பதினோரு மைல் தொலைவுக்குள் ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறும் அப்பாதையில், தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தவர்களும், தட்டுமுட்டுச் சாமான்களையும் அரிசி மூட்டைகளையும் தலையில் ஏற்றி நடந்தவர்களும் பெரியகுளத்தைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள். கூலியாட்கள் நடந்த வழி என்பதாலேயே அது கூலி காட் எனப்பட்டது. காட் என்பது மலையேறும் வழி. பாதைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் கோடைக்கானலைப் பற்றிய நூல்களில் அவர்களுள் ஒருவர் பெயரையும் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

ஏறுபவர் உடலுக்கு அந்த வழி ஒரே நாளில் பல நாடுகளைக் காட்டியது. அடியில் புளியும் மாந்தோப்பும் கள்ளியும்; நடுவில் மூங்கிலும் வாழையும் காப்பியும்; மேலே சோலைக்காடும் புல்வெளியும். சோலை என்பது உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடு. அதன் வேர்களும் பாசியும் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் கசியவிடுகின்றன. கீழே பெரியகுளத்தில் மின்விசிறி இல்லாத காலத்துச் சித்திரை வெயிலை விட்டுக் காலையில் புறப்பட்ட குடும்பம், மாலையில் கணப்படுப்பின் அருகே கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தது என்றால், அதை அவர்கள் இறைவனின் அருளாகவே எண்ணியதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மோட்டார்ச் சாலை திறக்கப்பட்டபின் தோப்பு வழி கைவிடப்பட்டது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிக்குச் செல்லும் இன்றைய பயணி, பாறைகளை வழுவழுப்பாகத் தேய்த்துக்கொண்டு இறங்கும் நீரையும் அதில் குளிக்கும் கூட்டத்தையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார். அவ்விடத்திற்கு மேலே வெள்ளகவிக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையும், அடுக்கம் வழியாகப் பெருமாள்மலையை அடையும் புதிய சாலையும் அந்தப் பழைய ஏற்றத்தின் உறவினர்களே. ஊர் முழுவதும் கோயில் என்று கருதி ஊருக்குள் செருப்பு அணியாத வழக்கம் உடைய வெள்ளகவி, கோடைக்கானல் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மலைமேல் உருவான வாழ்க்கை விரைவில் மருத்துவ எல்லையைத் தாண்டியது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்சு 1863-இல் ஏரியை அமைத்தார். 1890-இல் படகுக் கழகமும், பல நாட்டு, பல சபை மிஷனரிகள் சேர்ந்த கோடைக்கானல் மிஷனரி யூனியனும் தோன்றின. கோடைதோறும் தென்னிந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் சமயப் பணியாளர்கள் கூடி, மாநாடு நடத்தி, டென்னிஸ் ஆடி, பெருமாள்மலைக்கும் பேரிஜத்துக்கும் கட்டுச்சோறுடன் நடந்து சென்றார்கள். 1901-இல் மிஷனரிகளின் குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோர் சமவெளியிலும் பிள்ளைகள் மலையிலும் இருந்தமையால், கோடை ஓய்வு என்பது குடும்பம் ஒன்றுகூடும் பருவமாகவும் மாறியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் தம் இறுதிக் காலத்தில் தங்கியதும், 1891 ஆகஸ்ட் 28 அன்று மறைந்ததும் கோடைக்கானலில்தான். அவர் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் அவர் பணியாற்றிய இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. ஓய்வு மலையில், உரிமை சமவெளியில் என்று அவர் வாழ்ந்த வாழ்வுக்கு அவ்விறுதிப் பயணம் பொருத்தமாகவே அமைந்தது.

சமவெளியின் ஆபத்து வெறும் அச்சமன்று என்பதற்குப் பெரியகுளமே சான்று. டேவிட் காய்ட் ஸ்கடர் என்பவர் 1835-இல் பாஸ்டனில் பிறந்து, வில்லியம்ஸ் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் பயின்று, 1861-இல் தமிழகம் வந்து, தமிழைக் கற்றுக்கொண்டு, மறு ஆண்டு பெரியகுளம் நிலையத்தில் பொறுப்பேற்றார். வைகை அன்று அணையில்லாத காட்டாறு. வருசநாட்டு மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டினால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். 1862 நவம்பர் 19 அன்று, பெரியகுளத்துக்கு அருகே பெருகி ஓடிய வைகையைக் கடக்க முயன்ற ஸ்கடர் நீரில் அடித்துச்செல்லப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 27. மதுரையில் 1861 டிசம்பரில் பிறந்து, அப்போது ஒரு வயதும் நிரம்பாதிருந்த அவர் மகள் வைடா, தாயுடன் அமெரிக்கா திரும்பி, பின்னாளில் வெல்லெஸ்லி கல்லூரியின் இலக்கியப் பேராசிரியராகவும் தொழிலாளர் நலனுக்கு உழைத்த சமூகச் சீர்திருத்தவாதியாகவும் புகழ்பெற்றார். டேவிட்டின் தம்பி ஹொரேஸ் 1864-இல் அண்ணனின் வாழ்க்கையையும் கடிதங்களையும் தொகுத்து நூலாக்கினார். இன்று ஆண்டிப்பட்டியை அடுத்து 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையின் பூங்காவில் விடுமுறைக் கூட்டம் உலவும்போது, அந்த ஆறு ஒரு காலத்தில் இப்படியும் பாய்ந்தது என்பதை நம்புவது கடினம். ஸ்கடரைப் போன்றோரின் இழப்பை எண்ணும்போது, மலைக்கு ஓய்வெடுக்கச் சென்றவர்களைச் சுகவாசிகள் என்று எளிதில் பழித்துவிட இயலாது.

ஆனால் மருந்து வேலியாகவும் மாறியது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. அதே வாந்திபேதி உபதேசியாரின் வீட்டுக்கும் வந்தது. உபதேசியாருக்கு மலைமேல் வீடு இல்லை. கோடை முழுவதும் சபையைத் தாங்கி, பிணத்தை அடக்கம் செய்து, வறட்சியில் பள்ளியை நடத்தியவர் அவர். ஒரே பணியில் இருந்த இருவருள் ஒருவர் உடலை மட்டும் காக்கத்தக்கதாகக் கருதிய ஏற்பாடு, காலப்போக்கில் உண்பதிலும் உறங்குவதிலும் உரையாடுவதிலும் இருவரையும் பிரித்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டம் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் இதைத்தான் வெளிப்படையாகக் கூறினார்: வெளிநாட்டினர் தம் உழைப்பையும் பொருளையும் உயிரையும் கூடக் கொடுத்தார்கள், ஆனால் உடன் பணிபுரியும் இந்தியருக்குத் தோழமை தரவில்லை என்பது அவர் குறையின் சாரம். அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தம் சொந்தச் செலவில் கடல் கடந்து இராமநாதபுரக் கரையில் தொண்டிப் பகுதிக்குப் பணியாளரை அனுப்பியிருப்பதை 1902-இல் யாழ்ப்பாணத்தில் அறிந்து, மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்து, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தமிழரைப் பணியாளராக அனுப்பியவர் அவர். அயல்மொழி பேசும் நாட்டில், மலைவீடும் கோடைப் பருவமும் இன்றிப் பணியாற்றிய அத்தமிழர்களின் ஓய்வுநாள்களைப் பற்றி ஒரு நூலேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வேலியைக் கடந்த மிஷனரிகளும் இருந்தார்கள். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், அயர்லாந்தில் பிறந்தவர். 1917-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட்டுப்பகுதியை வாங்கி, வெளிநாட்டினருக்கென்று ஒதுக்காமல், அக்குழந்தைகளையும் அழைத்துச்சென்று ஓடையில் நீந்தவும் மரங்களை அறியவும் விட்டார். மதுரை மிஷனுக்கு 1925-இல் வந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்ட் கைதான் இன்னும் ஒரு படி சென்றார். காந்தியடிகளுக்கு நெருங்கிய ஆங்கிலேயர் ஒருவரைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்ற காரணத்தால் 1930-இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, திரும்பிவந்து, 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டு, விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்து, கதர் உடுத்து, வத்தலக்குண்டுப் பகுதியிலும் காந்திகிராமத்தைச் சார்ந்தும் ஊர்ப்புற மக்களோடு வாழ்ந்தார். அவருக்குப் பணியும் ஓய்வும் ஒரே ஊரில், ஒரே மக்களோடு அமைந்தன. மலைக்கு ஏறியவர்களைவிட அவர் இந்நாட்டை நன்கு அறிந்தார் என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. நிலத்தை அறிவதற்கு ஓய்வுநாளைப் போல உதவும் நாள் வேறில்லை, அந்நாளை வேறொரு நிலத்தில் கழித்தவர்களுக்கு அந்த அறிவு வாய்க்கவில்லை.

இந்த இடத்தில் பயணம் தொடங்கிய ஊருக்கே திரும்புவது பொருத்தமானது. கைதானை நாட்டைவிட்டு வெளியேற்றிய அதே ஆட்சி, கே.கே.பட்டியின் இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பியது. விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற தியாகிகள் மிகுந்த ஊர் என்பதே கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வூருக்கு உள்ள முதன்மையான பெயர். அந்நினைவாகவே காந்தியடிகளுக்கு இங்கே ஒரு கோயில் எழுப்பப்பட்டுள்ளது. சனி, ஞாயிறுகளில் சுருளிக்குச் செல்லும் வண்டிகள் பல இவ்வூரைக் கடந்து போகின்றன. அருவியில் குளித்துத் திரும்பும் வழியில் திராட்சை வாங்க வண்டியை நிறுத்துபவர்கள் ஏராளம். அவ்வாறு நிறுத்துபவர்கள் இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கி, காந்தி கோயிலுக்கும் சென்று, ஊர்ப் பெரியவர் யாரேனும் திண்ணையில் இருந்தால் அவரிடம் தியாகிகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டப்படுகிறார்கள்.